வயலை விற்றுக் கலாநிதியாக வேண்டாம்

கொஞ்சம் நீண்ட பதிவு. கலைப்பிரிவில் படிக்கிற, படித்து முடித்த பிள்ளைகள் உள்ள வீட்டார் கடைசிவரை வாசியுங்கள். ஆசிரியர்களும் வாசியுங்கள். இதில் இருக்கிற ஏச்சு பெரும்பாலும் நமக்குத்தான்.

போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சந்தோசம். "சேர், மகளுக்கு லண்டன்ல டொக்டர் பட்டம் படிக்க இடம் கிடைச்சிருக்கு. உங்களுக்கிட்டப் படிச்ச பிள்ளதான். இந்தக் கடிதத்த ஒருக்காப் பாருங்க" என்று போனை நீட்டினார்.

பார்த்தேன். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம். வரலாற்றுத் துறை. கடிதம் போலி இல்லை, அனுமதி உண்மையானதுதான். ஆனால் மூன்றாவது பந்தியில் கட்டணம் இருந்தது. வருடத்துக்கு 22,000 பவுண், மூன்று வருடம். புலமைப்பரிசில் என்ற சொல் கடிதத்தில் எங்குமே இல்லை. இன்றைய மாற்று விகிதத்தில் கட்டணம் மட்டும் இரண்டரைக் கோடி ரூபாவைத் தாண்டும். சாப்பாடு, வாடகை, விசா எல்லாம் வேறு.

"இப்போதைக்கு முற்பணம் கட்டினாச் சரியாம் சேர். மிச்சத்தப் பிள்ள அங்க வேல செஞ்சு கட்டலாமெண்டு ஏஜென்சிக்காரர் சொல்றார். தம்பலகாமப் பக்கம் ரெண்டேக்கர் வயல் கிடக்கு. அத வித்தாப் போதும்."

வேண்டாம் என்று சொன்னேன். அவருடைய முகம் சுருங்கிப் போனது. "நீங்களே இப்படிச் சொன்னா எப்படி சேர்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு. அவருக்கு மட்டுமான பதில் இல்லை. கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை, நிலாவெளி, திருமலை நகரம் என்று இந்தத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் எல்லோருக்கும்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்வோம். அனுமதி கிடைப்பது வேறு, நிதியோடு இடம் கிடைப்பது வேறு. மனிதப்பண்பியல் துறைகளில், அதாவது வரலாறு, மொழி, இலக்கியம், மெய்யியல், சமயக் கற்கைகள் போன்றவற்றில், காசு கட்டத் தயாராக இருக்கிற ஒருவருக்கு அனுமதிக் கடிதம் எடுப்பது அவ்வளவு கஷ்டமான காரியம் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு அது வருமானம். ஏஜென்சிக்குத் தரகு. நிதியோடு வரும் இடம் அப்படியல்ல. அங்கே பணம் பல்கலைக்கழகத்தின் பக்கமிருந்து பிள்ளையின் பக்கம் வருகிறது. உன்னுடைய கேள்விக்கு விடை தேடுவது எங்களுக்கும் தேவை, அதனால் உனக்குச் சம்பளம் தருகிறோம் என்று அவர்கள் சொல்கிறார்கள். இரண்டு கடிதங்களும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்த்தால் போதும்.

இது ஏதோ அபூர்வமான விசயம் என்று நினைக்காதீர்கள். நெதர்லாந்தில் பி.எச்.டி. ஆய்வாளர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியர். நான்கு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம், விடுமுறை எல்லாம் உண்டு. வேலை விளம்பரம் போலவே அந்த இடங்கள் விளம்பரமாகும், நேர்முகத் தேர்வு நடக்கும். நோர்வேயிலும் அப்படித்தான். சுவீடனில் முழுக் காலத்துக்குமான நிதி உறுதியாகாமல் ஒருவரைக் கலாநிதிப் படிப்புக்குச் சேர்க்கவே முடியாது. ஜேர்மனியில் ஆய்வுத் திட்டங்களில் பகுதிநேரச் சம்பள இடங்கள் உண்டு, பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கலாநிதிப் படிப்புக்குக் கற்கைக் கட்டணமும் இல்லை. இங்கிலாந்திலேயே அரச ஆய்வுச் சபைகளின் நிதியில் வரும் இடங்களுக்கு 2025-26 இல் ஆகக் குறைந்த வருடாந்தக் கொடுப்பனவு 20,780 பவுண். அவற்றுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம், இடங்கள் குறைவு என்றாலும். துருக்கி அரசின் புலமைப்பரிசில் கட்டணம், தங்குமிடம், மாதக் கொடுப்பனவு, விமான ரிக்கற், ஒரு வருட மொழிப் படிப்பு எல்லாவற்றையும் தருகிறது. கலாநிதிப் படிப்புக்கு வயதெல்லை 35.

அந்தப் பிள்ளைக்கு வந்த கடிதத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நாட்டில் ஒருவருக்கு வருடத்துக்கு 20,000 பவுண் கொடுக்கிறார்கள், இன்னொருவரிடம் 22,000 பவுண் எடுக்கிறார்கள். இரண்டு பேருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மூளை மட்டும் என்று நான் நம்பவில்லை. ஒருவருக்கு வழி சொல்ல யாரோ இருந்திருக்கிறார்கள். மற்றவருக்கு நாங்கள் இருந்திருக்கிறோம்.

ஆமாம், நாங்கள்தான். என் கதையைச் சொல்கிறேன். அந்தப் பிள்ளை உயர்தரத்தில் வரலாறும் தமிழும் இஸ்லாமிய நாகரிகமும் எடுத்தவள். பல்கலைக்கழகம் போய் வரலாற்றில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முடித்தாள். அதன் பிறகு என்ன செய்யலாம் என்று என்னிடம்தான் கேட்டாள். நான் சொன்னது இதுதான்: "ஒரு வருசத்துல முடியிற எம்.ஏ. ஒண்டச் செய்யுங்க மகள். ஆய்வெல்லாம் எழுதத் தேவையில்ல. சனி, ஞாயிறு போனாச் சரி. வேலைக்குப் போனாப் பிறகு சம்பளப் படிக்கு உதவும்." அவள் அப்படியே செய்தாள். நம் நாட்டின் தகைமைச் சட்டகத்தில் பாடநெறியால் மட்டும் முடிக்கும் முதுமாணி 9 ஆம் மட்டம், ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10 ஆம் மட்டம், முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. ஆய்வேடு இல்லாத முதுமாணியோடு சம்பள இடத்துக்குப் போட்டி போடுவது கையைக் கட்டிக்கொண்டு நீந்துவது மாதிரி. கையைக் கட்டிவிட்டவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை, எனக்கே அப்போது தெரியாது. ஆனால் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

நம் பாடசாலைகளில் கலைப்பிரிவு என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் போக முடியாதவர்கள் போய் இருக்கிற இடம். பெற்றோர் கூட்டத்தில் அப்படித்தான் பேசுகிறோம். பிள்ளைகளின் முகத்துக்கு முன்னாலேயே பேசுகிறோம். ஆனால் நான் கற்பித்த கலைப்பிரிவுப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசி, மத்ரஸாவில் அரபு ஓதி, கடைத்தெருவில் சிங்களம் கற்று, பாடசாலையில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி நிற்பவர்கள். சிலருடைய மூத்தம்மா அரபுத்தமிழ் எழுத்தில் மாலைகளையும் கிதாபுகளையும் வாசித்தவர். நான்கு மொழிகளின் வாசலில் நிற்கிற பிள்ளை அது. உலகத்தின் வரலாற்றுத் துறைகள் இப்படியான ஆட்களைத் தேடுகின்றன. நாம் அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயர் 'ஆர்ட்ஸ்'. அதைச் சொல்லும் தொனியும் உங்களுக்குத் தெரியும்.

"கலைத்துறையில கலாநிதிப் பட்டம் எடுத்து என்னத்தச் செய்யப்போறா?" இதுதான் ஊரில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பதில் சொல்கிறேன்.

நாம் வாழ்வது உலகமே வந்துபோன ஒரு துறைமுகத்தின் கரையில். 1660 இல் ரொபர்ட் நொக்ஸ் கொட்டியாரக் குடாவில் வந்திறங்கிப் பிடிபட்டார். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் இருந்து, தப்பிப்போய், 1681 இல் லண்டனில் புத்தகம் போட்டார். அவர் பிடிபட்ட இடம் என்று மூதூரில் இன்றும் ஒரு மரத்தடியைக் காட்டுகிறோம். வந்து மாட்டிக்கொண்டவர் எழுதினார். இங்கேயே பிறந்த நாம் மரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

1782 இல் மட்டும் இந்தத் துறைமுகம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. 1795 இல் திரும்பவும் ஆங்கிலேயர். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. 1957 இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது. இத்தனைக்கும் உரிய காகிதங்கள் எங்கே? ஒல்லாந்தர் காலத்து ஏடுகள் ஹேக் நகரத்திலும் கொழும்பிலும் இருக்கின்றன. பிரித்தானியக் கடற்படை ஆவணங்கள் லண்டன் கியூவில். நகரத்துப் பழைய மயானத்தில் நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்டின் 1852 இலிருந்து அடங்கியிருக்கிறார். அந்தக் கல்லறையைத் தேடி இங்கிலாந்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதே காலத்தில் அந்தக் கப்பல்களுக்கு விறகும் மீனும் அரிசியும் ஏற்றிய நம் மூதாதையர் எங்கே அடங்கியிருக்கிறார்கள் என்று தேடி யார் வரப்போகிறார்கள்? நாம்தான் தேட வேண்டும். தேடுவதற்குப் படிப்பு வேண்டும், காலம் வேண்டும், பணம் வேண்டும். சம்பளத்தோடு வரும் ஆய்வு இடம் என்றால் அந்த மூன்றும் ஒரே கடிதத்தில் வருவது.

கிழக்கு முஸ்லிம்களின் குடி முறை பற்றியும் பெண்வழிச் சீதன வீடு பற்றியும் உலகம் இன்று ஒரு புத்தகத்தைத்தான் அதிகம் மேற்கோள் காட்டுகிறது. டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969 இல் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி, திரும்பத் திரும்ப வந்து, 2008 இல் வெளியிட்டது. அருமையான உழைப்பு. அவர்மீது எனக்கு நன்றி மட்டும்தான். நம் உம்மாமாருக்கு வீடு ஏன் பெண்பிள்ளையின் பெயரில் எழுதப்படுகிறது என்ற கேள்வி அவருக்குத் தோன்றியது, அவருக்கு அதைத் தேட வசதி இருந்தது. நமக்குக் கேள்வியும் தோன்றவில்லை, தோன்றிய ஒருவர் இருவருக்கு வசதியும் இருக்கவில்லை.

இது வெறும் பெருமைப் பிரச்சினையா? இல்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்ய ஒரு ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. ஆரம்பத்தில் பெயரிடப்பட்டவர்களில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. நாம் கண்டன அறிக்கை விட்டோம். விட வேண்டியதுதான், அது அநியாயம். ஆனால் அந்த இரவு நான் யோசித்தது இன்னொன்று. "இந்தாருங்கள், எங்கள் மாவட்டத்தின் தொல்லியலையும் காணி வரலாற்றையும் மூல ஆவணங்களிலிருந்து படித்தவர்களின் பட்டியல்" என்று மேசையில் வைக்க நம் கையில் எத்தனை பெயர் இருந்தது? விரல்விட்டு எண்ணிவிடலாம். காணி, பள்ளிவாசல், ஸியாரம், மையவாடி என்று எது பிரச்சினையானாலும் கடைசியில் ஒரு பழைய காகிதத்தைத்தான் கேட்பார்கள். அந்தக் காகிதத்தை வாசிக்கத் தெரிந்தவர் நம்மில் இல்லையென்றால், வாசிக்கத் தெரிந்தவர் சொல்வதுதான் வரலாறு.

இது நடக்காத காரியம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் 2000 களின் ஆரம்பத்திலிருந்து ஆசிய நாட்டு இளம் வரலாற்றாளர்களுக்கு நிதி கொடுத்து, பழைய டச்சு மொழியும் கற்றுக்கொடுத்து, அவர்களுடைய நாடுகளின் ஒல்லாந்தர் காலத்தை ஆராய வைத்தது. அந்த வழியில் போன இலங்கையர்களில் ஒருவர் நதீரா ரூபசிங்க. காலி நகரத்து ஒல்லாந்தர் கால நீதிமன்ற ஏடுகளைப் படித்து 2016 இல் கலாநிதியானார். பின்னர் நம் நாட்டின் தேசிய சுவடிகள் கூடத்தின் பணிப்பாளர் நாயகமானார். காலிக்கு நடந்தது திருகோணமலைக்கு ஏன் நடக்கக்கூடாது? ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்டவில்லையா, கணக்கு எழுதவில்லையா?

நம் சமூகத்திலும் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. தமிழுக்கு முஸ்லிம்கள் செய்த பணியை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணி ஆய்வாகச் செய்த எம். எம். உவைஸ், பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கான பேராசிரியர் இருக்கையில் அமர்ந்தார். கல்முனைக்குடியில் பிறந்து, பாடசாலை ஆசிரியராகத் தொடங்கிய எம். ஏ. நுஃமான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, பேராதனையில் தமிழ்ப் பேராசிரியரானார். நம்மைப் போல சோக்கட்டியோடு நின்றவர்தான் அவரும்.

அடுத்த ஆட்சேபம்: "பெண்பிள்ளையத் தனியா அந்நிய நாட்டுக்கு அனுப்புறதா?" இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. மஹ்ரம் பற்றி, பாதுகாப்பு பற்றி உலமாக்களிடம் கேளுங்கள், குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் நேர்மையாக ஒத்துக்கொள்வோம். இதே ஊர்களிலிருந்து எத்தனை உம்மாமார் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போனார்கள்? அவர்கள் அனுப்பிய காசில்தான் எத்தனை வீட்டுக்குக் கூரை வந்தது? அவர்களை விமான நிலையத்துக்கு ஏற்றிவிட்டபோது இந்தக் கேள்வியை இவ்வளவு சத்தமாகக் கேட்டோமா? துடைப்பத்தோடு போகும்போது கேட்காத கேள்வி புத்தகத்தோடு போகும்போது மட்டும் ஏன் எழும்புகிறது? சுவீடனும் நோர்வேயும் நெதர்லாந்தும் ஆய்வாளரின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து வதிவிட அனுமதி கேட்க இடம் கொடுக்கின்றன. கணவனும் மனைவியுமாகப் போகலாம். இதை எந்த ஏஜென்சிக்காரர் சொன்னார்?

மூன்றாவது, "தகுதி இருந்தாத் தானாக் கிடைக்கும்" என்று சொல்லும் படித்தவர்கள். இவர்கள்மீதுதான் எனக்கு அதிகக் கோபம். தானாக ஒன்றும் கிடைக்காது. ஒரு பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் எப்படி இருக்க வேண்டும் என்று யார் நம் பிள்ளைக்குச் சொன்னது? நான் பார்த்த மின்னஞ்சல்கள் எல்லாம் "மதிப்புக்குரிய ஐயா, உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் கற்க ஆவலாக உள்ளேன்" என்ற பாணியில், ஐம்பது பேருக்கு ஒரே கடிதமாகப் போனவை. பதில் வராது. அந்தப் பேராசிரியரின் ஒரு கட்டுரையையாவது வாசித்து, அதில் விடுபட்டிருக்கும் ஒன்றைக் காட்டி, அதை நான் தேட விரும்புகிறேன், என்னிடம் இந்த மொழி இருக்கிறது, இந்த ஆவணம் எங்கே இருக்கிறது என்று தெரியும் என்று பத்து வரியில் எழுதினால் பதில் வர வாய்ப்புண்டு.

ஆய்வு முன்மொழிவும் அப்படித்தான். "கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாறும் பண்பாடும்" என்று ஒரு தலைப்பை எழுதிக்கொண்டு வருகிறார்கள். அது ஆய்வுக் கேள்வி இல்லை, மீலாத் விழா மலருக்கான தலைப்பு. கேள்வி என்றால் எப்படி இருக்க வேண்டும்? "1942 குண்டுவீச்சுக்கும் 1957 தளக் கையளிப்புக்கும் இடையில், டொக்யாட்டுக்கு உணவும் விறகும் கூலியும் கொடுத்த கிண்ணியா, மூதூர் ஆட்களின் வாழ்க்கை எப்படி மாறியது? கடற்படைக் கணக்கேடுகளும் ஊர் மூத்தவர்களின் நினைவும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மோதுகின்றன?" இதற்கு எல்லை இருக்கிறது. ஆவணம் இருக்கிறது. கேட்டு எழுத ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கொஞ்ச நாளைக்குத்தான். 2009 இல் பாலம் திறப்பதற்கு முன் கிண்ணியாத் துறையில் பாதை ஓடிய காலத்தைச் சொல்லக்கூடியவர்கள் இன்றைக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு சுவடிக்கூடம் மண்ணுக்குள் போகிறது.

இனி நேர்மையாகப் பேச வேண்டிய பகுதி. நிதியோடு இடம் கிடைப்பது சுலபம் என்று நான் சொல்லவில்லை. ஓர் இடத்துக்கு நூறு, இருநூறு பேர் போட்டி போடுவது வழமை. அமெரிக்காவில் கலைத்துறைக் கலாநிதி இடங்கள் ஒழுங்காகக் கட்டண விலக்கும் ஐந்து வருடக் கொடுப்பனவும் சேர்ந்து வருபவை. நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடே நேராக விண்ணப்பிக்கலாம் என்பதால் நம் பிள்ளைகளுக்கு அது நல்ல வழியாக இருந்தது. ஆனால் அந்தக் கதவும் ஒருக்களித்துக்கொண்டு வருகிறது. பொஸ்டன் பல்கலைக்கழகம் 2024 நவம்பரில் பல கலை, சமூக விஞ்ஞானத் துறைகளில் கலாநிதி அனுமதியை நிறுத்தியது. 2025 இல் சிக்காகோ பல்கலைக்கழகமும் தன் கலைப்பீடத்தின் பல துறைகளில் அப்படியே செய்தது. பட்டம் முடித்த பிறகு விரிவுரையாளர் வேலை கிடைக்கும் என்ற உத்தரவாதமும் எந்த நாட்டிலும் இல்லை.

"அப்ப ஏன் சேர் போகச் சொல்றீங்க?" என்று கேட்பீர்கள். காசு கட்டிப் போகக்கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணமே இதுதான். முடிவில் வேலை நிச்சயமில்லாத ஒரு படிப்புக்கு வயலை விற்றுப் போகிறவள் திரும்பி வரும்போது பட்டமும் கடனும் கொண்டுவருவாள். சம்பளத்தோடு போகிறவள் வேலை கிடைக்காவிட்டாலும் நான்கு வருடம் உழைத்த காசோடும் இரண்டு புதிய மொழிகளோடும் ஒரு புத்தகத்தோடும் வருவாள். வயல் அப்படியே கிடக்கும். முதலாவது சூதாட்டம், இரண்டாவது தொழில்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே, கட்டக்கூடிய கட்டணத்தைக் கட்டி, வருடக்கணக்காக இராத்தூக்கம் கெட்டு ஆய்வேடு எழுதும் ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு என் ஸலாம். நான் குறை சொல்வது வேறு ஆட்களை. பணம் கட்டி 'கௌரவ கலாநிதி' வாங்கிவந்து பொன்னாடை போர்த்திக்கொள்பவர்களை. அவர்களுக்கு மேடை போடும் நம் சங்கங்களை. அந்தப் பதாகையில் 'கலாநிதி' என்று அச்சடித்து, உண்மையாகவே ஐந்து வருடம் சுவடிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து "இன்னும் முடியலயா?" என்று கேட்கும் நம் எல்லோரையும்.

அரசாங்கத்தையும் விட முடியாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் மனிதப்பண்பியலுக்கும் சமூக விஞ்ஞானங்களுக்குமென்று ஒரு தேசிய உயர்கற்கை நிலையம் இருக்கிறது. கலாநிதிப் படிப்புக்கு நிதி கொடுக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஏற்கனவே அரச பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருப்பவர்களுக்கு. அறுபதுகளில் பேர்மிங்ஹாமுக்குப் போய்ப் பட்டம் பெற்ற கைலாசபதி, சிவத்தம்பி போன்ற பெரியவர்களும் பல்கலைக்கழகத்தில் பதவியில் இருந்துகொண்டே போனவர்கள். உள்ளே இருப்பவருக்கு ஏணி கொடுக்கும் முறை அன்றிலிருந்து அப்படியே தொடர்கிறது. வெளியே நிற்கும் பட்டதாரிக்கும் பாடசாலை ஆசிரியருக்கும் ஏணி இல்லை. திறந்த போட்டியில், கேள்வியின் தரத்தைப் பார்த்து, வருடத்துக்கு இருபது இடம் கொடுத்தால் இந்த நாட்டுக்கு என்ன குறைந்துவிடும்? தேர்தல் மேடைகளில் நம் பிரதிநிதிகள் இதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சரி, அரசாங்கம் திருந்தும்வரை நாம் செய்யக்கூடியது என்ன?

ஒன்று. ஆசிரியர்களே, விரிவுரையாளர்களே, கலைப்பிரிவில் நல்ல பிள்ளை ஒன்றைக் கண்டால் முதல் வருடத்திலேயே சொல்லுங்கள்: சிறப்புப் பட்டம் செய், ஆய்வேட்டை ஒழுங்காக எழுது, அதை ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையாக மாற்றிவை, ஆய்வுள்ள முதுமாணி செய். பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறவரை "நீங்களே எழுதிக்கொண்டு வாங்க, கையெழுத்து வைக்கிறேன்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அந்தக் கடிதத்தை வாசிப்பவருக்கு யார் எழுதியது என்று விளங்கும்.

இரண்டு. பள்ளிவாசல் நிர்வாகங்களே, நலன்புரிச் சங்கங்களே, கல்விக்கு உதவுவதென்றால் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தவருக்குச் சுவர்க் கடிகாரம் கொடுப்பது மட்டும் இல்லை. ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம் ஒரு ஆசிரியரின் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்குகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கவே 75 இலிருந்து 125 டொலர் வரை போகிறது. தகுதியான பிள்ளை இந்தப் படியிலேயே நின்றுவிடுகிறது. வருடத்துக்கு மூன்று பிள்ளைகளின் இந்தச் செலவை ஒரு ஊர் ஏற்றால் போதும். ஒரு பாராட்டு விழாவின் சாப்பாட்டுச் செலவைவிட அது அதிகமாகாது.

மூன்று. பிள்ளைகளே, கலண்டரைப் பாருங்கள். அமெரிக்க முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. துருக்கி ஜனவரி 10 இலிருந்து பெப்ரவரி 20 வரை. ஐரோப்பிய இடங்கள் வருடம் முழுக்க விளம்பரமாகும். போக நினைக்கும் வருடத்துக்கு முந்திய வருடமே எழுதத் தொடங்க வேண்டும். கடிதம் எது வந்தாலும் முதலில் கட்டணப் பந்தியை வாசியுங்கள். "முதலில் முற்பணம் கட்டுங்கள், புலமைப்பரிசில் பிறகு பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள்.

கடைசியாக அந்தப் பிள்ளையின் விசயம். மூன்று நாள் கழித்து வாப்பாவும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன், அந்த ஒரு வருட எம்.ஏ. புத்திக்காக. பிறகு அவளுடைய சிறப்புப் பட்ட ஆய்வேட்டைக் கேட்டு வாங்கி வாசித்தேன். தன் மூத்தப்பாவின் தோணிக் கணக்குக் கொப்பி ஒன்றை அதில் பயன்படுத்தியிருக்கிறாள். யார் யாருக்கு, எந்தக் கரையில், எத்தனை மூடை இறக்கியது என்று எழுதப்பட்ட பழைய கொப்பி. அவளுடைய மேற்பார்வையாளர் அதைப் பின்னிணைப்பில் போடச் சொல்லியிருக்கிறார். நான் சொன்னேன்: "மகள், இந்தக் கொப்பிதான் உங்கட விண்ணப்பம். முன்னுக்குக் கொண்டு வாங்க."

வாப்பா இன்னும் முழுக்கச் சமாதானமாகவில்லை. "கையில வந்த கடிதத்த விடச் சொல்றீங்களே சேர்" என்கிறார். அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. மகளுக்கு இடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒரு வருடம் ஆகலாம், இரண்டு வருடம் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். அல்லாஹ் போதுமானவன். ஆனால் முற்பணம் கட்டவில்லை. வயல் விற்கவில்லை. இந்தப் போகம் விதைத்திருக்கிறார்கள். அவள் முன்மொழிவின் இரண்டாவது பக்கத்தில் நிற்கிறாள்.

வரலாறு, இலக்கியம், மொழித் துறைகளில் வெளிநாட்டில் சம்பளத்தோடு ஆய்வு செய்கிற, செய்து முடித்த நம்மவர்கள் யாராவது இதை வாசித்தால், மாதத்தில் ஒரு மணித்தியாலம் நம் பிள்ளைகளோடு சூமில் பேச முடியுமா? பணம் வேண்டாம். உங்களுக்குக் கிடைத்த விண்ணப்பம் எப்படி இருந்தது என்று காட்டுங்கள், அது போதும்.

தவறிருந்தால் சுட்டிக்காட்டுங்கள். ஏச வேண்டுமென்றால் ஏசுங்கள். ஆனால் வயலை விற்க நினைக்கும் ஒரு வாப்பாவுக்கு இதை அனுப்பிவிட்டு ஏசுங்கள்.